அருவியைக் கடைசியில் வைக்காதீர்கள்!



பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தவறாமல் இடம்பெறும் பொருள் ஒன்று உண்டு: கல்விச் சுற்றுலா. எங்கே செல்வது என்பது ஐந்தே நிமிடத்தில் முடிவாகிவிடும். "கேமரன் மலைக்குப் போவோம். வரும் வழியில் அருவி இருக்கிறது. பிள்ளைகள் ஆசை தீரக் குளிக்கட்டும்." அனைவரும் தலையசைப்பர். அதன்பின் ஒன்றரை மணி நேரம் வேறு பேச்சு நடக்கும். சட்டைக்கு என்ன நிறம்? மதிய உணவுக்குக் கோழியா, சைவமா? நாசி லெமாக் பொட்டலம் எத்தனை? எந்தப் பேருந்து நிறுவனம் நூறு ரிங்கிட் குறைத்துக் கொடுக்கும்? இவை யாவும் குறிப்பேட்டில் ஏறும். கூட்டம் நன்றியுரையுடன் முடியும்.

இதற்குப் பெயர் பயணத் திட்டமா? இதைச் சமையல் பட்டியல் என்பேன் நான்.

அந்தக் கூட்டத்தில் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அருவிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்? 'வரும் வழியில்' என்று நாம் வாய்கூசாமல் சொல்லும் அந்த இரண்டு சொற்களுக்கும் கடிகாரத்தில் என்ன பொருள்?

கணக்கிட்டுப் பாருங்கள். காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு என்று கடிதத்தில் அச்சடிப்போம். வழியனுப்பு உரையும் நிழற்படமும் முடிந்து பேருந்து நகர ஆறேகால் ஆகிவிடும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பசியாறல், கழிவறை வரிசை. தாப்பாவை அடையும்போது ஒன்பதரை. அங்கிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் மலைச்சாலை. வளைவுக்கு வளைவு குமட்டும் பிள்ளைகளுக்காக நின்று நின்று போனால் பதினொன்றரை. பிறகு ஸ்ட்ராபெரி தோட்டம், தேனீப் பண்ணை, தேயிலைத் தோட்டம், காய்கறிச் சந்தை. பெற்றோர்கள் சோளமும் கீரையும் வாங்கி முடிக்க மூன்றரை. களைத்த பிள்ளைகளோடு இறங்கத் தொடங்கி அருவியை அடையும்போது மணி ஐந்து.

மாலை ஐந்து மணி! நம் நாட்டில் மலைப்பகுதியில் மழை கொட்டக்கூடிய அதே பொழுது. தீபகற்பத்தின் மேற்குக் கரை மாநிலங்களில் பருவமாற்றக் காலமான ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் பெய்கிறது. இதனை அறிவியல் பாடத்தில் நாமே கற்பிக்கிறோம். வகுப்பறையை விட்டு வெளியே வந்ததும் நாமே மறந்துவிடுகிறோம்.

இதை எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பிழை செய்தவன் என்ற தகுதிதான்.

பல ஆண்டுகளுக்கு முன், இத்தகைய திட்டம் ஒன்றை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். மாலை ஐந்து மணியை ஒட்டி, மலைச்சாலை ஓரத்து அருவி ஒன்றில் பேருந்து நின்றது. நாங்கள் நின்ற இடத்தில் ஒரு துளி மழை இல்லை. பிள்ளைகள் பாறைகளுக்கிடையே இறங்கினர். நான் நிழற்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சாலையோரத்தில் தேனும் பெத்தாயும் விற்றுக்கொண்டிருந்த பூர்வக்குடிப் பெண்மணி ஒருவர் திடீரென்று எழுந்து, கைகளை வீசி மலாயில் கத்தினார்: பிள்ளைகளை மேலே ஏற்றுங்கள், உடனே! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீரைப் பார்த்தேன். சற்றுமுன் தெளிந்திருந்த நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. சருகுகள் மிதந்து வந்தன. அவ்வளவுதான். கூச்சலிட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றினோம். எண்ணிப் பார்த்தோம், ஒருவன் குறைந்தான். மீண்டும் எண்ணினோம். அவன் பேருந்தில் உறங்கிக்கொண்டிருந்தான். அந்த எண்ணிக்கைக்கும் இந்த எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. சில நிமிடங்களில், பிள்ளைகள் அமர்ந்திருந்த பாறை நீருக்குள் போயிற்று.

எவருக்கும் காயமில்லை. மறுவாரம் நான் எழுதிய அறிக்கையில், "பயணம் இனிதே நிறைவுற்றது" என்ற வரி இருந்தது. தேன் விற்ற அம்மையாரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அடுத்த ஆண்டு அதே திட்டத்தைத் தேதி மட்டும் மாற்றிப் படியெடுத்தோம். நான் வெட்கப்படுவது அந்த மாலையை எண்ணி அன்று; அந்த அறிக்கையை எண்ணியே.

அந்த அம்மையார் கண்டது என்ன? மலையின் மேற்பகுதியில் பெய்யும் மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, காட்டாற்று வெள்ளமாகத் திரண்டு இறங்கும். மலாய் மொழியில் இதனைக் 'கெப்பாலா ஆயிர்' என்பர். நீரின் தலை என்று பொருள். நீர் கலங்கும், சருகும் சுள்ளியும் வரும், இரைச்சல் மிகும், மட்டம் சட்டென்று உயரும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளை விட்டுவிட்டுக் கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். நாள்தோறும் அந்நீரைப் பார்ப்பவருக்கு இது தெரியும். ஆண்டுக்கொரு முறை போகும் நமக்குத் தெரியாது. தெரியாததில் குற்றமில்லை. தெரியாமலே நாற்பது பிள்ளைகளை நீரில் இறக்குவது குற்றம்.

மலைநீர் மேலிருந்து வருகிறது என்ற எளிய உண்மையை நாம் மீண்டும் மீண்டும் மறக்கிறோம். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் கேமரன் மலையில் கனமழை பெய்தது. சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது கீழேயிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்கள் பறிபோயின. அம்மாதம் எது என்பதைக் கவனியுங்கள்.

சாலைக்கும் பொழுது உண்டு. 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியே இறங்கிய சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி 27 பேர் மாண்டனர். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள், கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். இரண்டும் இறக்கத்தில் நிகழ்ந்தவை. 2025-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. ஒவ்வொரு விபத்துக்கும் அதனதன் காரணங்கள் உண்டு. அவற்றையெல்லாம் ஒரே மூட்டையில் கட்ட நான் முயலவில்லை. ஆயினும் நம் வழக்கமான திட்டத்தைப் பாருங்கள். ஏற்றம் காலையில், புத்துணர்வோடு. இறக்கம் மாலையில், மழையில். காலை நான்கு மணிக்கே விழித்தெழுந்த ஓட்டுநர். நீண்ட இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறிய நிறுத்து விசை. இருக்கையில் நில்லாமல் பாட்டுப் பாடும் பிள்ளைகள். அபாயமானவை அனைத்தையும் நாள் முடிவிலே கொண்டுபோய் அடுக்கிவைப்பது நாம்தானே?

இங்கே இரு தரப்பினர் என்மீது பாய்வர் என்பதை அறிவேன்.

முதல் தரப்பினர் சொல்வர்: "இத்தனை ஆண்டுகளாகப் போய் வருகிறோம், என்ன ஆகிவிட்டது? ஆசிரியர் வீணாக அச்சுறுத்துகிறார்." ஐயா, ஒன்றும் ஆகவில்லை என்பது திட்டத்தின் நற்சான்று ஆகாது. எங்கள் பயணத்திலும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் காரணம் எங்கள் திட்டம் அன்று. தேன் விற்ற ஒருவரின் கண்கள். அடுத்த முறை அவர் அங்கே அமர்ந்திருப்பார் என்று எந்தச் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைப்பீர்கள்?

இரண்டாம் தரப்பினர் சொல்வர்: "அப்படியானால் சுற்றுலாவே வேண்டாம். பிள்ளைகளைப் பேரங்காடிக்கு அழைத்துப் போவோம். குளிர்சாதனம் உண்டு, ஆபத்தில்லை." ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஓங்கி ஒலிப்பது இந்தக் குரல்தான். இதனை நான் முதல் குரலைவிடக் கடுமையாக மறுக்கிறேன். அடுக்குமாடி வீட்டிலிருந்து வாகனத்தில் பள்ளிக்கும், பள்ளியிலிருந்து வாகனத்தில் பகுதிநேர வகுப்புக்கும் போகும் பிள்ளை காட்டை எங்கே காணும்? ஓடையில் கால் நனைக்காத பிள்ளைக்கு 'அருவி' என்னும் சொல்லை எப்படி விளக்குவீர்கள்? இப்பொழுதே பாதிப் பிள்ளைகள் 'நீர்வீழ்ச்சி' என்றுதான் எழுதுகின்றனர். அழகிய பழந்தமிழ்ச் சொல் கையில் இருக்க, மொழிபெயர்த்து ஒட்டிய சொல்லே அவர்கள் நாவில் வருகிறது. குறிஞ்சி என்றால் மலைநிலம் என்று மனப்பாடம் செய்த மாணவன், மூங்கில் புதரையும் மூடுபனியையும் கண்ணால் கண்டதில்லை.

அஞ்சுவோரும் அலட்சியம் செய்வோரும் எதிரெதிர்த் தரப்பினர்போலத் தோன்றுவர். உண்மையில் இருவரும் செய்வது ஒன்றே. திட்டமிடும் உழைப்பிலிருந்து நழுவுகின்றனர். ஒருவர் போய்விட்டு நழுவுகிறார். மற்றவர் போகாமலே நழுவுகிறார்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் சிறப்பான வெட்கம் ஒன்று உண்டு. தொல்காப்பியம் எதனை முதற்பொருள் என்கிறது? நிலத்தையும் பொழுதையும். நிலம் மட்டும் போதாது. அந்நிலத்துக்குரிய பொழுதும் சேர்ந்தால்தான் அது முதல். உணவு, மரம், விலங்கு முதலியவை கருப்பொருள். அவை அடுத்த நிலையில் வருபவை. நம் முன்னோர் ஒரு நிலத்தை எந்தப் பொழுதில் காண்பது என்பதை இலக்கணத்திலேயே முதலில் வைத்தனர். நாமோ நிலத்தை ஐந்து நிமிடத்தில் முடித்து, பொழுதை அறவே விட்டுவிட்டு, கருப்பொருளில் ஒன்றாகிய உணவில் ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்கிறோம்!

சரி, குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. எப்படித் திட்டமிட வேண்டும் என்று கேட்பீர்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையையே எடுத்துக்கொள்வோம். கூட்டரசுச் சாலை 59 அது. வெள்ளையர் ஆட்சியில் அமைக்கப்பட்டு 1931-ஆம் ஆண்டளவில் தானா ராத்தாவை எட்டியது. தாப்பாவிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கடந்ததும் சாலையை ஒட்டியே லாத்தா இஸ்கண்டார் அருவி பாறைகளின்மீது படிப்படியாக இறங்குகிறது.

முதலாவது, அருவியைக் காலையில் வையுங்கள். ஒன்பதரை மணிக்கு அருவி. பதினொன்றரைக்கு எல்லாப் பிள்ளைகளும் கரையில், உடைமாற்றி, எண்ணிக்கை முடிந்து. அதன்பின் வானம் கறுத்தால் கறுக்கட்டும். நெடுந்தொலைவிலிருந்து வருவோர் முதல்நாளே தாப்பாவிலோ ஈப்போவிலோ தங்கட்டும். அல்லது தம் ஊருக்கு அருகிலுள்ள அருவியைத் தேர்ந்தெடுக்கட்டும்.

இரண்டாவது, ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். அருவிப் பயணம் என்றால் அருவிப் பயணம். அந்த இருபது கிலோமீட்டர் சாலையே ஒரு நாளைய பாடத்துக்குப் போதும். தேயிலைத் தோட்டம் வேண்டுமா? அதற்கு வேறொரு பயணம் வையுங்கள். போ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கப்பட்டது. அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம்மவர் வரலாறு, அவர்கள் பிள்ளைகளுக்காக எழுந்த தமிழ்ப்பள்ளிகள் ஆகியவற்றை இருபது நிமிடத்தில் தேநீர் குடித்துவிட்டு ஓடுவது அம்மக்களுக்குச் செய்யும் மரியாதையா?

மூன்றாவது, மாதத்தைப் பாருங்கள். பருவமாற்ற மாதங்களைத் தவிருங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் இப்பகுதியில் மழை பொதுவாகக் குறைவு. அப்பொழுதும் முதல்நாள் மாலை வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். மண்சரிவினால் சாலை மூடப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். முதல்நாள் இரவு கனமழை பெய்திருந்தால் நீராடல் இல்லை, பார்த்தல் மட்டுமே.

நான்காவது, பேருந்தை விலையால் மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைவார் அணிவது 2025 ஜூலை 1 முதல் கட்டாயம். பழைய வாகனங்களில் வாரே இல்லாதிருக்கக்கூடும். ஆகவே முன்பதிவுக்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். ஓட்டுநர் முதல்நாள் இரவு எங்கே வண்டி ஓட்டினார், எத்தனை மணி நேரம் உறங்கினார், இந்த மலைச்சாலை அவருக்குப் பழக்கமா என்று கேளுங்கள். கேட்பதால் மரியாதை குறையாது. குறைந்த பல்லிணையில் மெல்ல இறங்கும் ஓட்டுநரைப் பார்த்து, "என்ன அண்ணே, மாட்டுவண்டியா?" என்று கேலி செய்யும் பெற்றோரைப் பின்னிருக்கைக்கு அனுப்புங்கள்.

ஐந்தாவது, வழியையே பாடமாக்குங்கள். மாணவர்க்கு ஒரு வெப்பமானியைக் கொடுங்கள். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியசு வெப்பம் குறையும் என்பதைத் தாப்பாவிலும் அருவியிலும் அளந்து தாங்களே கண்டறியட்டும். ரப்பரும் செம்பனையும் எங்கே முடிகின்றன, காடு எங்கே தொடங்குகிறது என்று குறிக்கட்டும். அருவிக்கு முன்பே வரும் கோலா வோவில் வெந்நீர் ஊற்று உண்டு. குளிர்ந்த ஆற்றோரத்தில் வெந்நீர் எப்படி என்று வினவட்டும். இச்சாலையோரக் கிராமங்களில் வாழும் செமாய் மக்களைக் காட்சிப்பொருளாகப் பார்க்காமல், வணக்கம் சொல்லி, விலை கேட்டு வாங்கட்டும். "இன்று நீர் எப்படி இருக்கிறது, அம்மா?" என்று முதலில் அவர்களைக் கேட்கும் பழக்கம் ஆசிரியர்களாகிய நமக்கு வரட்டும்.

ஆறாவது, இதுவே தலையாயது. திரும்பி வரும் உரிமையை முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி போதும்: "வானிலை அல்லது நீர்நிலை கருதி நீராடல் கைவிடப்படலாம், பொறுப்பாசிரியரின் முடிவே இறுதி." இந்த வரி இல்லாததால்தான் ஆசிரியர் தடுமாறுகிறார். கண்ணெதிரே நீர் கலங்குகிறது. பின்னால், "ஐம்பது ரிங்கிட் கட்டியிருக்கிறோம், ஐந்து நிமிடமாவது குளிக்கட்டுமே சார்" என்ற குரல். அந்த ஐந்து நிமிடத்தில் துணிவோடு 'வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆசிரியருக்கு ஆதரவு வேண்டும். அந்த ஆதரவைத் தர வேண்டியவர்கள் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீடு திரும்பியதும் "குளித்தாயா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். குளிக்காமல் திரும்பி வந்த பயணத்தைத் தோல்வி என்று புலனத்தில் எழுதாதீர்கள். கரையில் நின்று, கலங்கிய நீரைக் காட்டி, "இதனால்தான் இன்று இறங்கவில்லை" என்று ஆசிரியர் விளக்கினாரே, அன்று உங்கள் பிள்ளை கற்றது வாழ்நாள் முழுவதும் அதன் உயிரைக் காக்கும். நாளை நண்பர்களோடு ஏதோ ஒரு மலைக்குப் போகும் இளைஞனாகும்போது, நீரின் நிறத்தைப் பார்த்து முதலில் குரல் கொடுப்பவன் அவனாக இருப்பான்.

ஆசிரியர்களே, அடுத்த கூட்டத்தில் யாரேனும் "வரும் வழியில் அருவி" என்று தொடங்கினால் கையை உயர்த்துங்கள். "எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை சட்டையின் நிறத்தைப் பற்றிப் பேச விடாதீர்கள்.

அன்று அந்த அம்மையாரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவரிடம் ஒரு புட்டி தேன்கூட வாங்காமல் பேருந்தில் ஏறிவிட்டோம். அறிக்கையில் எழுதாமல் விட்ட நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்